கோல் கோட்டைப் பார்க்கும் நான்கு கண்கள்

2024 ஜூன் 11, தோகா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கத்தாருக்கு எதிரான ஆட்டம். 37-ஆவது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே அடித்த கோலில் இந்தியா முன்னிலையில் இருந்தது. அப்படியே முடிந்திருந்தால், தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குள் இந்தியா முதன்முறையாகக் கால் வைத்திருக்கும்.

73-ஆவது நிமிடத்தில் அந்தக் கனவு கலைந்தது. ஃப்ரீ கிக்கில் வந்த பந்தை யூசுப் அய்மன் தலையால் முட்டினார். கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். ஆனால் பந்து அவர் பிடிக்குள் நிற்காமல் கம்பத்தை ஒட்டி நழுவி, கோல் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. கார்னர்தான் என்று நம்மவர்கள் நின்றுவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே கிடந்த பந்தைக் கத்தார் வீரர் ஹாஷ்மி காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். உதவி நடுவரின் கொடி எழவில்லை. தென்கொரிய நடுவர் கிம் வூ சுங் கோல் கொடுத்தார். அந்தச் சுற்றில் வீடியோ உதவி (வி.ஏ.ஆர்.) கிடையாது. 85-ஆவது நிமிடத்தில் கத்தாருக்கு இன்னொரு கோல். 2-1 என்று தோற்று இந்தியா வெளியேறியது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் புகார் அனுப்பி விசாரணை கேட்டது. முடிவு மாறவில்லை.

குர்பிரீத் பெங்களூரு எஃப்சியின் கோல்கீப்பர். அதனால் இந்த ஊரில் வலி கொஞ்சம் கூடுதல். பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டிலிருந்து கோல்ஸ் ரோடு வரை, கால்பந்து பேசுகிற எந்த டீக்கடையில் நின்றாலும் அந்த வாரம் ஒரே கேள்விதான்: "ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலையா சார்?"

உதவி நடுவராகக் கொடி பிடித்து நின்றவன் என்ற முறையில் நான் வேறொன்றைக் கேட்கிறேன். அந்த அரை விநாடியில் பார்க்க வேண்டியவர் யார்? பார்த்ததை அவர் எந்தச் சைகையால் நடுவரிடம் சேர்க்க வேண்டும்? நம் நாட்டில் கால்பந்து நடுவர்களைப் பற்றி எழும் ஒவ்வொரு சர்ச்சையும் ஒன்று தனிமனித வசையில் முடிகிறது, அல்லது "வி.ஏ.ஆர். கொண்டுவா" என்ற கோரிக்கையில் முடிகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேலையை, அதாவது மூன்று மனிதர்கள் பேசாமலே பேசிக்கொள்ளும் பயிற்சியை, யாரும் கவனிப்பதில்லை. கேமரா இல்லாத மைதானங்களில் நடக்கும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் காப்பாற்றக்கூடியது அது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து.

விதி என்ன சொல்கிறது? பந்து முழுவதுமாக, கோட்டின் முழு அகலத்தையும் தாண்டியிருக்க வேண்டும். தரையில் உருண்டாலும் சரி, காற்றில் போனாலும் சரி. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ.; குறுக்களவு சுமார் 22 செ.மீ. கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 செ.மீ. கம்பமும் கோடும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். பந்தின் கடைசி நூலிழை கோட்டின் வெளி விளிம்புக்கு மேல் நின்றாலும் ஆட்டம் தொடர்கிறது. இது கோல் கம்பங்களுக்கு நடுவே மட்டுமல்ல, கோட்டின் முழு நீளத்துக்கும் பொருந்தும். தோகாவில் நடந்ததும் அதே கேள்விதான்; கம்பத்துக்கு உள்ளே போனதா என்பதற்குப் பதிலாக, கம்பத்துக்கு வெளியே போனதா என்று இருந்தது, அவ்வளவே.

ஃப்ரீ கிக் நேரத்தில் நடுவர் நிற்பது பெனால்டி பகுதியின் விளிம்பை ஒட்டி. அவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே பதினைந்து உடல்கள் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் முன்னாலிருந்து பார்க்கிறார். பந்து கோட்டுக்கு முன்னா பின்னா என்ற ஆழம் முன்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அது பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே கோல் கோட்டுத் தீர்ப்பு ஏட்டளவில் நடுவருடையது. பார்வையளவில் உதவி நடுவருடையது.

அந்த உதவி நடுவர் எங்கே நிற்கிறார்? 68 மீட்டர் அகல மைதானத்தில் பக்கக் கோட்டிலிருந்து அருகிலுள்ள கம்பத்துக்கு 30 மீட்டருக்குச் சற்று மேல். தொலைவிலுள்ள கம்பத்துக்கு ஏறக்குறைய 38 மீட்டர். அந்தத் தொலைவிலிருந்து புல்லின் மேல் போட்ட வெள்ளைக் கோட்டை யாராலும் சரியாகப் பார்க்க முடியாது. உதவி நடுவருக்கு அளவுகோல் அருகிலுள்ள கம்பம்தான். கோல் கோட்டுக்கு நேராக நின்று பார்த்தால், கோட்டின் மேல் இருக்கும் பந்தின் ஒரு பகுதி கம்பத்தின் பின்னால் மறையும். கம்பத்தின் வலைப்பக்க விளிம்பைத் தாண்டி, பந்துக்கும் கம்பத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கோல்.

ஆனால் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரே ஒரு மீட்டர் முன்னால் நின்றால்கூட, கோலின் நடுவில் விழும் பந்தைப் பற்றிய கணிப்பில் சுமார் 12 செ.மீ. பிழை வந்துவிடும். மூன்று மீட்டர் முன்னால் நின்றால் 36 செ.மீ.; ஒரு முழுப் பந்தைவிட அதிகம். பந்து முழுக்க உள்ளே போயிருக்கும், இவர் கண்ணுக்கோ அது இன்னும் கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருப்பதாகத் தெரியும். நேர்மையான மனிதர், கூர்மையான கண், ஆனாலும் தவறான தீர்ப்பு. நான் பார்த்தவரை கோல் கோட்டுத் தவறுகளில் பெரும்பகுதி இப்படித்தான் பிறக்கிறது. கண்ணைக் குறை சொல்கிறோம். குறை காலில் இருக்கிறது.

காலும் எப்போதும் கைகொடுக்காது. ஆஃப்சைடு பார்ப்பதற்காக, தடுக்கும் அணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆட்டக்காரருக்கு நேராகவே உதவி நடுவர் நிற்க வேண்டும். பந்து அந்த ஆட்டக்காரரைத் தாண்டினால் பந்துக்கு நேராக, கோல் கோடு வரைக்கும் ஓட வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து பெனால்டி பகுதியின் விளிம்பிலிருந்து கோட்டை அடைய அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஐந்து மீட்டர் போகலாம். 2005 ஜனவரியில் ஓல்ட் டிராஃபோர்டில் டாட்டன்ஹாம் வீரர் பெட்ரோ மெண்டிஸ் நடுக்கோட்டுப் பக்கமிருந்து உயர்த்தி அடித்த பந்தை மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ராய் கரோல் தவறவிட்டார். பந்து கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்தபின் அதை வாரி வெளியே எறிந்தார். உலகமே பார்த்தது, கோல் கிடைக்கவில்லை. உதவி நடுவர் அப்போதும் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டுதான் இருந்தார். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

இனி சைகைகளுக்கு வருகிறேன். பார்வையாளர்களுக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. ஆனால் எங்களுக்கு இதுதான் மொழி.

பந்து ஐயமின்றி வலைக்குள் போனால் உதவி நடுவர் கொடி தூக்குவதில்லை. நடுவரின் கண்ணைப் பார்க்கிறார். பிறகு பக்கக் கோட்டை ஒட்டி நடுக்கோட்டை நோக்கி 25, 30 மீட்டர் விறுவிறுவென்று ஓடுகிறார். அந்த ஓட்டம்தான் "கோல், என் பக்கம் எந்தக் குறையும் இல்லை" என்ற சேதி. தெளிவான கோலுக்கு விசில்கூடத் தேவையில்லை என்று விதி சொல்கிறது.

பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்து, மீண்டும் வெளியே துள்ளிவிட்டது, ஆட்டம் தொடர்வதுபோல் தோன்றுகிறது என்றால் முறை வேறு. முதலில் கொடி நேராக மேலே எழ வேண்டும், நடுவரின் கவனத்தை இழுக்க. அவர் பார்த்ததும் அதே 25, 30 மீட்டர் ஓட்டம். கொடி மட்டும் எழுந்து ஓட்டம் வரவில்லை என்றால் அதற்குப் பொருள் வேறு: ஆஃப்சைடு, ஃபவுல், ஏதோ ஒரு குற்றம் நடந்திருக்கிறது, வந்து பேசுங்கள். கொடி ஒன்றுதான், அதன்பின் கால் அசைகிறதா நிற்கிறதா என்பதில் கோலும் கோல் மறுப்பும் பிரிகின்றன.

பந்து முழுதாகத் தாண்டவில்லை, ஆட்டம் நடக்கட்டும் என்றால்? அப்போது கொடி தாழ்ந்தே இருக்கும். நடுவர் திரும்பி உதவி நடுவரின் கண்ணைப் பார்க்க வேண்டும்; தேவைப்பட்டால் யாருக்கும் தெரியாத ஒரு சிறு கையசைவு. பந்து கம்பத்துக்கு வெளியே கோட்டைத் தாண்டிப் போனால், உதவி நடுவர் வலக்கையால் கொடியை உயர்த்த வேண்டும். வலக்கை எதற்கென்றால், அப்போதுதான் உடல் மைதானத்தை நோக்கித் திறந்திருக்கும், பார்வை மறையாது. தோகாவில் எழாமல் போனது இந்தக் கொடிதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கொடி எழாதது இரண்டு பொருள் தரும். "பார்த்தேன், பந்து வெளியே போகவில்லை" என்பது ஒன்று. "எனக்குத் தெரியவில்லை" என்பது மற்றொன்று. தூரத்திலிருந்து பார்க்கும் நடுவருக்கு இரண்டும் ஒரே தோற்றம்தான். இந்த இரண்டையும் வேறுபடுத்துவது கண் சந்திப்பு மட்டுமே. அதனால்தான் ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் நடுவர் குழு பேசிக்கொள்ளும் பத்து நிமிடம் அவ்வளவு முக்கியம். "கோட்டுக்கு நேராக இருந்து முழுதாகப் பார்த்தால் மட்டும் கொடி. பார்க்கவில்லை என்றால் லேசாகத் தலையாட்டு, நான் எடுத்துக்கொள்கிறேன். நான் ஒன்று, நீ ஒன்று காட்டிவிடக் கூடாது." நல்ல நடுவர்கள் இதைச் சொல்லாமல் மைதானத்துக்குள் இறங்கமாட்டார்கள்.

பார்க்காததைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 செப்டம்பரில் வாட்ஃபோர்டில் நடந்ததைவிட நல்ல சாட்சி கிடையாது. வாட்ஃபோர்டுக்கும் ரெடிங்குக்கும் ஆட்டம். கார்னரில் வந்த பந்து வாட்ஃபோர்டு வீரர் மேல் பட்டு, கம்பத்திலிருந்து சில அடி தள்ளி கோட்டைத் தாண்டி வெளியே போனது. ரெடிங் வீரர் ஒருவர் அதை உள்ளே இழுத்தார். ஆட்டம் தொடர்ந்தது. கோல் கேட்டு யாரும் கையைத் தூக்கவில்லை. உதவி நடுவரோ பந்து கோலுக்குள் போய்வந்ததாகக் கொடி காட்டினார். இளம் நடுவர் ஸ்டூவர்ட் அட்வெல் அதை ஏற்றுக் கோல் கொடுத்தார். வெளியே போனது உண்மை. கம்பத்தின் எந்தப் பக்கம் என்பதில்தான் பிழை. அந்தக் கொடியின் மேல் நடுவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், "கம்பத்துக்கு உள்ளேயா, நீ பார்த்தாயா" என்று. கேட்கவில்லை. ஆட்டம் 2-2 என முடிந்தது.

அமெரிக்கக் கால்பந்தில் இதே சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே பந்தின் ஒரு நுனி கோல் கோட்டைத் தொட்டாலே டச்டவுன். கோட்டின் இரு முனைகளிலும் இரண்டு அதிகாரிகள் ஓடிவந்து நிற்பார்கள். பந்தைத் தன் கண்ணால் பார்த்தவர் மட்டுமே இரு கைகளையும் உயர்த்த வேண்டும். எதிரே நிற்பவர் உயர்த்திவிட்டாரே என்று தானும் உயர்த்துவது அங்கே பெரிய குற்றம். ஒருவரையொருவர் பார்த்து, பிறகுதான் சைகை. 2012 செப்டம்பர் 24 இரவு சியாட்டிலில், கடைசி நொடியில் இரண்டு வீரர்கள் ஒரே பந்தைப் பற்றிக்கொண்டு விழுந்தார்கள். அவர்கள் தலைக்குமேல் நின்ற இரண்டு அதிகாரிகளில் ஒருவர் டச்டவுன் என்று கைகளை உயர்த்தினார்; மற்றவர் நேரத்தை நிறுத்தக் கைகளை ஆட்டினார். சியாட்டில் 14-12 என வென்றது. நிரந்தர நடுவர்களோடு ஊதியத் தகராறு ஏற்பட்டு, அவர்களை வெளியே நிறுத்திவிட்டு மாற்று நடுவர்களை வைத்து நடந்த பருவம் அது. அந்தப் படம் நாடு முழுவதும் பரவிய இரண்டே நாளில் நிர்வாகம் நிரந்தர நடுவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பயிற்சி பெற்ற கண்ணின் விலை என்ன என்பது அன்றைக்குப் பணம் கொடுப்பவர்களுக்குப் புரிந்தது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச் 3, கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். பிளேஆஃப், பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும். கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, எதிரணி தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி தட்டி வலைக்குள் அனுப்பினார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். கேரளா அணி பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச்சின் அழைப்பில் மைதானத்தை விட்டு வெளியேறியது. பின்னர் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. கோல் கோட்டுச் சர்ச்சை இல்லை இது; ஆனால் கேள்வி அதே குடும்பத்தைச் சேர்ந்தது. விரைவான ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவையில்லை. நடுவர் தூரம் அளந்து நிறுத்திவிட்டால் விசில் வேண்டும். இந்த இரண்டில் எது நடக்கிறது என்பதை 22 வீரர்களும் நடுவரின் கையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு ஓர் அணி ஒன்றாகவும் மற்றொரு அணி வேறாகவும் புரிந்துகொண்டது. அந்தக் கோல் சட்டப்படி செல்லுமா என்பதை ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிவுசெய்துவிட்டது; என் அக்கறை, அரங்கம் முழுவதற்கும் புரியும் சைகையின் தேவை பற்றியது.

அப்போதுதான் வி.ஏ.ஆர். பற்றிய பேச்சு இங்கே சூடுபிடித்தது. நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. 2012 ஜூலை 5 அன்று சூரிச்சில் சர்வதேசக் கால்பந்து சங்க வாரியம் கோல் லைன் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் தந்தது நல்ல நாள். 2010-இல் இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு ஜெர்மனிக்கு எதிராக அடித்த பந்து கோட்டுக்குள் விழுந்தும் கோல் மறுக்கப்பட்ட அநீதிக்கு அது பதில். பந்து தாண்டியதும் நடுவரின் கைக்கடிகாரம் ஒரு விநாடிக்குள் அதிர வேண்டும் என்பது விதி. 2014 உலகக் கோப்பையில் பிரான்சும் ஹோண்டுராஸும் மோதிய ஆட்டத்தில் அந்தக் கருவிதான் கோலை உறுதிசெய்தது.

ஆனால் கருவியும் மனிதர் கையில்தான் இருக்கிறது. 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தை அணைத்தபடி கோட்டைத் தாண்டி உள்ளே சென்றார். கோலைச் சூழ்ந்திருந்த ஏழு கேமராக்களின் பார்வையும் உடல்களால் மறைந்ததால் கடிகாரம் அதிரவில்லை. நடுவர் மைக்கேல் ஆலிவர் கடிகாரத்தைக் காட்டினார். ஷெஃபீல்டு யுனைடெட் கோலை இழந்தது. கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையில் அன்றைக்கு எல்லோருடைய கண்ணும் ஓய்ந்துவிட்டது.

இப்போது பிரேசர் டவுனுக்கு வருகிறேன். கால்பந்து இந்தக் கண்டோன்மென்ட் பகுதியின் ரத்தத்தில் இருக்கிறது. 1937-இல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் இந்த ஊர் அணி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். அல்சூர் கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆஸ்டின் டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பள்ளிகளில் இன்றும் மழை நின்ற மறுநாளே பந்து உருளத் தொடங்கிவிடும். தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து கத்துகிற கூட்டம், கோட்டை ஒட்டியே நிற்கும்.

அந்த ஆட்டங்களில் கோல் கோடு எப்படி இருக்கிறது? சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு முதல் பாதி முடிவதற்குள் கோல்கீப்பரின் கால் பட்டுக் கரைந்துவிடும். கம்பத்தின் அடியில் மண் பள்ளமாகி, பந்து அதற்குள் விழுந்தால் கோட்டின் மேலா உள்ளேயா என்று கடவுளுக்குத்தான் தெரியும். வலை இருந்தால் அதில் ஓட்டை. வலையை வெறும் அழகுக்கு என்று நினைக்கக் கூடாது. 1890-களின் தொடக்கத்தில் லிவர்பூல் பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிரோடி வலையைக் கொண்டுவந்ததே, பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டையைத் தீர்க்கத்தான். 2013-இல் ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம் அணிக்கு எதிராக ஸ்டீபன் கீஸ்லிங் முட்டிய பந்து பக்கவலையின் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து கோலாகக் கணக்கிடப்பட்டது. பெரிய லீக்கிலேயே ஓட்டை கோல் தருமென்றால், நம் பள்ளி மைதானங்களைச் சொல்லவே வேண்டாம். ஆட்டத்துக்கு முன் இரு உதவி நடுவர்களும் வலையைக் கையால் இழுத்துப் பார்ப்பது சடங்கு கிடையாது. ஒரு கோல் அதில் தொங்குகிறது.

இதைவிட மோசமானது கொடி பிடிக்கும் ஆள். எத்தனையோ ஆட்டங்களில் பயிற்சி பெற்ற நடுவர் ஒருவர்தான் வருகிறார். இரு பக்கமும் கொடி பிடிப்பவர்கள் ஆடும் அணிகளின் மாற்று வீரர்கள், இல்லையென்றால் அணி மேலாளரின் தம்பி. பந்து வெளியே போனதா என்பதை மட்டும் காட்டு, கோலும் ஆஃப்சைடும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நடுவர் சொல்லிவிடுகிறார். வேறு வழியில்லை. ஆனால் முன்னாலிருந்து அவரால் கோல் கோட்டைப் பார்க்கவே முடியாது என்பதை மேலே சொன்னேன். ஆக, அந்த மைதானத்தில் கோல் கோட்டைப் பார்க்க யாருமே இல்லை.

1891-க்கு முன் இங்கிலாந்தில் இருந்தது இதே முறைதான். இரு அணிகளும் தத்தம் அம்பயரை அனுப்பும். இருவருக்கும் தகராறு வந்தால் கோட்டுக்கு வெளியே நிற்கும் ரெஃப்ரியிடம் முறையிடுவார்கள். அது நடக்காத காரியம் என்று தெரிந்ததும் ரெஃப்ரியை மைதானத்துக்குள் கொண்டுவந்து, அம்பயர்களை லைன்ஸ்மேன்களாக மாற்றினார்கள். 1996 முதல் அவர்கள் பெயரே உதவி நடுவர். 1891-லேயே உலகம் கைவிட்ட ஏற்பாட்டில் நம் குழந்தைகள் இன்னும் இறுதிப் போட்டி ஆடுகிறார்கள். இது எனக்கு ஆறாத கோபம்.

ஆளில்லை என்று சொல்ல முடியாது. 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்ற சங்கர் கோமலீஸ்வரன் தமிழகத்துக்காரர். உலகின் மிகப் பெரிய மேடையில் கொடி பிடித்த இந்தியர் அவர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா பட்டியலில் இடம்பிடித்த பெண் நடுவர். இப்படிப்பட்டவர்கள் உருவாவது மாவட்ட ஆட்டங்களில். அங்கே கொடியை மாற்று வீரர் கையில் கொடுத்துவிட்டால், அடுத்த சங்கர் எங்கே கற்றுக்கொள்வார்?

பயிற்சிக்குச் செலவும் பெரிதாக ஆகாது. ஒரு கோல், பத்துப் பந்து, முக்காலியில் நிறுத்திய ஒரு கைபேசி. கோல் கோட்டுக்கு நேராகக் கம்பத்தின் வெளி விளிம்பை ஒட்டிக் கேமராவை வைக்க வேண்டும். உதவி நடுவர் பெனால்டி பகுதிக் கோட்டுக்கு நேராக நிற்பார். ஒருவர் பந்தைக் கோட்டின் மேலும், பாதி தாண்டியும், முழுதாகத் தாண்டியும் எறிந்து துள்ளவிடுவார். உதவி நடுவர் ஓடிவந்து, பார்த்து, சைகை காட்டி, நடுவரின் கண்ணைச் சந்திக்க வேண்டும். பிறகு படத்தைப் பார்த்து ஒப்பிட வேண்டும். இதைச் செய்துபார்த்த இளைஞர்களிடம் நான் கண்ட மாற்றம் ஒன்று உண்டு. முதலில் அவர்கள் சைகையில் அவசரப்படுகிறார்கள். சில நாளில், கோட்டுக்கு நேராக வந்து சேராவிட்டால் கொடியைத் தாழ்த்திவைத்துக்கொண்டு நடுவரைப் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். "தெரியவில்லை" என்று கண்ணால் சொல்லும் துணிச்சல் வருகிறது. அந்தத் துணிச்சல் வந்தவரை நான் எந்த இறுதிப் போட்டிக்கும் அனுப்புவேன்.

அதோடு, பொத்தானை அழுத்தினால் நடுவரின் கையில் அதிரும் பீப் கொடி சில ஜோடிகள் ஒவ்வொரு மாவட்டச் சங்கத்திடமும் இருக்க வேண்டும். கூச்சலும் கூட்டமும் நடுவரின் பார்வையை மறைக்கும் நேரத்தில் அந்த அதிர்வு கொடியைப் பார்க்க வைக்கும். உயர்நிலை லீக்குகளில் இது எப்போதோ வந்துவிட்டது. காதில் மாட்டும் ஒலிக்கருவியும் வந்துவிட்டது. மாவட்டத்துக்கு இரண்டாவது வேண்டாம், முதலாவது போதும்.

வி.ஏ.ஆருக்கு ஒதுக்க நினைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் இங்கே திருப்பினால் போதும். கர்நாடக மாநிலக் கால்பந்து சங்கமும் தமிழ்நாட்டுச் சங்கமும் வரும் பருவத்துக்கான சுற்றறிக்கையில் நான்கு வரி சேர்க்க வேண்டும். பள்ளி, மாவட்ட, லீக் போட்டி எதுவானாலும் நாக்அவுட் கட்டத்தில் இரண்டு நடுநிலை உதவி நடுவர்கள் இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. அவர்களுக்கான படியைப் போட்டி நடத்துபவர் முன்பணமாகச் சங்கத்தில் கட்ட வேண்டும். ஆட்டம் முடிந்து கையேந்த வைக்கக் கூடாது. இடைவேளையில் கோல் கோட்டை மறுபடி போட வேண்டும். வலையில் ஓட்டை இருந்தால், அதைக் கட்டிமுடிக்கும்வரை நடுவர் விசில் ஊத மறுக்கலாம் என்பதை எழுத்தில் தர வேண்டும்.

(கட்டுரையாளர்: கால்பந்து நடுவர், பிரேசர் டவுன், பெங்களூரு.)